மணிமாறன் பிடித்த கணுக்கால்

மணிமாறன் துபாய்க்கு வந்தது டைல்ஸ் பெட்டி இறக்க. ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அது அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்ததால், இரண்டும் தெரியாத மணிமாறன் முழு மனதோடு நம்பிக் கையெழுத்துப் போட்டான். தலையில் ஒரு கூண்டையும் தோளில் இரண்டு பலகைகளையும் மாட்டிக்கொண்டு, ஓடிவருகிற யாரோ ஒருவனின் காலைக் கட்டிக்கொண்டு விழ வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில், 'கம்பெனி அவ்வப்போது சொல்லும் பிற வேலைகள்' என்று ஒரு வரி இருந்தது. வளைகுடாவுக்கு வந்தவர்கள் பாதிப் பேரின் வாழ்க்கை அந்த ஒரு வரிக்குள்தான் நடக்கிறது.

ஊர், மணப்பாறைக்குப் பக்கம். பன்னிரண்டு வருஷம் கபடி ஆடியவன். லெஃப்ட் கார்னர். சுற்று வட்டாரத்தில் 'உடும்பு' என்றால்தான் தெரியும், மணிமாறன் என்றால் எந்த மணிமாறன் என்று கேட்பார்கள். பாடி வருகிறவன் இவனைத் தொட்டுவிட்டுத் தன் கோட்டுக்குத் திரும்பியதே கிடையாது என்று சொல்லிக்கொள்வான். கபடிக்காரன் பேச்சில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தை எதிரணிக்காரர்களே நொண்டிக்கொண்டு வந்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் கிளம்பி வரும்போது மனைவி ஜோதிமணிக்கு மூன்று மாதம். குழந்தை பிறந்து, பெயர் வைத்து, தவழ்ந்து, நடந்து எல்லாம் ஆயிற்று. எல்லாவற்றையும் அவன் ஜெபல் அலி கேம்ப்பில், எட்டுப் பேர் படுக்கும் ரூமில், மேல்கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்தான். பெயர் தாமரை. இருபது மாதம். அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது கறுப்பாக, செவ்வகமாக, ஓரத்தில் லேசாக விரிசல் விட்டிருக்கும் ஒரு பொருள். ஜோதிமணி போனைச் சார்ஜில் போட்டால், குழந்தை அதைக் காட்டி "அப்பா மம்மு" என்று எல்லோருக்கும் சொல்லும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். மணிமாறனும் சிரித்தான், முதல் தடவை.

இரண்டு வருஷம் முடிந்தால் இரண்டு மாத லீவு. நவம்பரில் முடிந்தது. நவம்பரிலும் டிசம்பரிலும் கன்டெய்னர் அதிகம், ஜனவரியில் போ என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. ஒருவழியாக ஜனவரி பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தார்கள். தை பிறந்துவிடும் என்பதால், அதே ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, குலதெய்வம் கோயிலில் தாமரைக்குக் காதுகுத்து என்று ஊரில் நாள் வைத்தாயிற்று.

"மாமன் மடியில உக்கார வச்சுக்குவாரு," என்றாள் ஜோதிமணி. "நீங்க வந்து காலைப் பிடிச்சுக்கணும். எங்களால முடியாது, கழுதை மாதிரி உதைக்கிறா."

"காலைப் பிடிக்கிறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?" என்றான் உடும்பு.

இங்கேதான் டக்ளஸ் சார் வருகிறார். கிடங்கின் ஜெனரல் மேனேஜர். அமெரிக்கர். கிடங்கை நடத்துவது அவருக்கு உப தொழில். நிஜத் தொழில், 'ஆங்கர்ஸ்' என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியை நடத்துவது. சனிக்கிழமை சாயங்காலங்களில் ஆறு அணிகள் ஆடும் லீக் அது. ஆங்கர் என்றால் நங்கூரம். பெயருக்குப் பழுதில்லாமல், அந்த அணியில் யாரும் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். வங்கி ஆபீசர்கள், ஸ்கூல் வாத்தியார்கள், ஒரு பல் டாக்டர் என்று பெரிய மனிதர்கள். பெரிய வயிறுகளும்.

ஃபுட்பால் என்று பெயர் இருக்கிறதே தவிர, காலால் தொடுவது எப்போதாவதுதான். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் பக்கம் நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறியாக வேண்டும். கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி. குவார்ட்டர்பேக் என்று ஒருவன் பந்தை வாங்கி எறிவான். அவன் பக்கத்திலேயே ரன்னிங் பேக் என்று ஒரு குட்டையான, கெட்டியான ஆள் நிற்பான். ஆங்கர்ஸைத் தீர்த்துக் கட்டுவது எப்போதும் இவன்தான். குவார்ட்டர்பேக்கை அடிக்க வருகிறவர்களைத் தடுப்பவன்போல் கொஞ்ச நேரம் பாவலா காட்டுவான். எல்லோரும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருக்கும் பந்தையே பார்த்துக்கொண்டு பாய்வார்கள். அந்த நேரம் பார்த்து இவன் பந்தியில் பாதியில் எழுந்து போகிறவன்போல் பக்கவாட்டில் நழுவுவான். ஐந்து கஜத்துக்கு ஒரு சின்னப் பாஸ். அதற்கப்புறம் அவன் எதிரில் வெறும் புல்லும் ஆகாயமும்தான். இந்த ஒரே வித்தையில் ஆங்கர்ஸ் அந்த வருஷம் மூன்று மேட்ச் தோற்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேம்ப்பைப் பார்வையிட டக்ளஸ் சார் வந்தார். கழிப்பறையில் தண்ணீர் வராததைப் பார்க்க வந்தவர், கேம்ப்புக்குப் பின்னால் மணலில் நடந்த கபடியைப் பார்த்தார். தொண்ணூறு கிலோ மனிதன் ஒருவனை மணிமாறன் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்ததையும் பார்த்தார். கழிப்பறைக்குத் தண்ணீர் இன்றுவரை வரவில்லை. மணிமாறனுக்கு மறுநாளே ஹெல்மெட் வந்தது. டூட்டியில் தலையில் போடக் கொடுத்த மஞ்சள் தொப்பியைவிட அது பத்து மடங்கு உசத்தி. பொழுதுபோக்குக்குப் போகும் தலைக்குத்தானே பாதுகாப்பு அவசியம்.

மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று ஆபீஸிலிருந்து ஸ்ரீனிவாசனைப் பிடித்துப் போட்டார்கள். ஹெச்.ஆர். மேனேஜர், சென்னைக்காரர், ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருப்பவர். ஐம்பது வயதுவரை எந்தப் பந்தையும் தொடாமல் கௌரவமாக வாழ்ந்தவர். ஜெனரல் மேனேஜர் கேட்டபின் முடியாது என்று சொல்வது அவர் வளர்ப்பில் இல்லை. யூடியூபில் பதினாறு வீடியோ பார்த்துவிட்டு, கழுத்தில் விசிலோடு மைதானத்துக்கு வந்து நின்றார்.

முதல் மேட்ச்சில் நடந்ததை ஆங்கர்ஸ்காரர்கள் இன்னும் ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டுகிறார்கள். ஆட்டம் ஆரம்பித்ததும் மணிமாறன் பழக்கதோஷத்தில் பக்கத்தில் நின்றவன் கையைக் கோத்துக்கொண்டான். கபடியில் கார்னர்காரன் பக்கத்து ஆளோடு கை கோத்துத்தான் நிற்பான். பக்கத்தில் நின்றது லெபனான்கார வங்கி ஆபீசர். அவர் கையை உதறிக்கொண்டு மூன்று கஜம் தள்ளிப் போய் நின்றார். அந்த மூன்று கஜச் சந்தில்தான் பாஸ் வந்தது. ரன்னிங் பேக் பந்தைப் பிடித்தான், ஓடிவந்தான்.

மணிமாறன் அவனை உள்ளே விட்டான். வேண்டுமென்றேதான் விட்டான். கபடியில் பாடி வருகிறவனை உள்ளே வர விட்டு, அவன் திரும்பிப் போகும் வழியை அடைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். ஆகவே மணிமாறன் லாகவமாக ஒதுங்கி வழிவிட்டு, உடனே குறுக்கே பாய்ந்து, இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடக்கி, அவன் திரும்பி வரும் வழியை அடைத்துக்கொண்டு நின்றான். பிசகில்லாத நிலை. மணப்பாறையில் யார் பார்த்தாலும் கை தட்டியிருப்பார்கள்.

போனவன் போனவன்தான். கடைசிக் கோட்டைத் தாண்டி, பந்தைக் கீழே போட்டு, ஒரு குத்தாட்டமும் ஆடினான். மணிமாறன் கையை விரித்தபடி காத்திருந்தான்.

"வாட் இஸ் ஹீ டூயிங்?" என்றார் டக்ளஸ் சார்.

ஸ்ரீனிவாசன் பதினாறு வீடியோக்களையும் மனதில் ஓட்டிப் பார்த்தார். இது எதிலும் இல்லை.

ஆனாலும் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும். மேட்ச் முடிந்ததும் மணிமாறனை உட்காரவைத்து, ஏனப்பா அப்படி நின்றாய் என்று கேட்டார். அந்த மைதானத்தில் அவனை ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். அவன் சொன்னதைக் கேட்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு தண்ணீர் பாட்டிலை நட்டு வைத்து விளக்கினார்.

"இவன் பாடிட்டு உள்ள வர்ற ரைடர் இல்லப்பா. ஏற்கெனவே தொட்டுட்டுத் திரும்பி ஓடற ரைடர்னு வச்சுக்கோ. அவனோட கோடு உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. அவன் அதைத் தாண்டிட்டா நம்ம ஆளெல்லாம் அவுட்."

மணிமாறன் பாட்டிலைப் பார்த்தான். "அட, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆங்கர்ஸுக்கு எதிராகச் சின்னப் பாஸ் என்ற ஜம்பம் செல்லவில்லை. மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். மணிமாறன் பந்து என்ற ஒன்று இருப்பதையே மதிக்கவில்லை. அவன் பார்த்தது ரன்னிங் பேக்கின் கால்களை. நிஜமாகவே தடுக்கப் போகிறவன் இரண்டு குதிகாலையும் அழுத்தி ஊன்றுவான். நழுவப் போகிறவனுக்கு ஒரு குதிகால் மட்டும் சுண்டு விரலளவு தரையைவிட்டு எழும்பும். கால் பொய் சொல்லாது, முகம்தான் சொல்லும் என்பது கபடியில் பாலபாடம். பாஸ் வந்து சேரும் இடத்தில் பாஸுக்கு முன்னால் மணிமாறன் நிற்பான். பிடித்தவன் அந்த இடத்திலேயே விழுவான்.

வரிசையாக நாலு மேட்ச் ஜெயித்தார்கள். டக்ளஸ் சார் இதை 'என் டிஃபென்ஸ் சிஸ்டம்' என்று பேர் வைத்து, பவர்பாயிண்ட் போட்டு, தலைமை ஆபீஸுக்கு அனுப்பினார். நாற்பது ஸ்லைடு. ஒன்றில் மணிமாறனின் கை தெரிந்தது.

ஆங்கர்ஸ் அதுவரை அரையிறுதியை எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருஷம் எட்டிவிட்டது. ஜனவரி பத்தாம் தேதி, அபுதாபி அணியோடு. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஸ்ரீனிவாசன் கிடங்குக்கு வந்தார். மணிமாறன் டைல்ஸ் பெட்டியை இறக்கி வைக்கும்வரை காத்திருந்தார். நல்ல செய்தி கொண்டு வருகிறவர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை.

"ஜெயிச்சா ஃபைனல் இருபத்துநாலாம் தேதிப்பா," என்றார்.

"நான் பதினெட்டாந்தேதி ஊருக்குப் போறேன் சார்."

"அதான்... ஜெயிச்சா, ஃபைனல் முடிஞ்சு இருபத்தாறுதான் கிளம்பணும்னுட்டார் டக்ளஸ் சார். டிக்கெட்டை மாத்தச் சொல்லி மெயிலே போட்டுட்டார்."

"சார், புள்ளைக்குக் காதுகுத்து சார். இருபத்திரண்டு."

"சொன்னேன்பா. காது எங்கயும் போகாதுங்கறார்."

"தோத்துட்டா?"

ஸ்ரீனிவாசன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "தோத்தா கலாஸ், அதோட முடிஞ்சது. பதினெட்டாம் தேதியே கிளம்பு," என்றார். சொல்லிவிட்டு, தான் எதுவுமே சொல்லாததுபோல் விசிலைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

மணிமாறன் போனில் விஷயத்தைச் சொன்னபோது ஜோதிமணிக்கு முதலில் புரியவே இல்லை. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கும் தன் மகள் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று முறை கேட்டாள். புரிந்ததும் ஒரே வரியில் முடித்தாள்.

"ஓடுனா ஓடிட்டுப் போறான், விடுங்களேன். நம்ம வீட்டுச் சொத்தையா தூக்கிட்டு ஓடுறான்?"

நியாயமான கேள்வி. நாற்பது ஸ்லைடிலும் இதற்குப் பதில் கிடையாது. மணிமாறன் முடிவு பண்ணிவிட்டான். முக்கியமான நேரத்தில் ஒரே ஒரு தடவை அவனை விட்டுவிடுவது. தோற்பதற்கு ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா நின்றால் போதும். முதல் மேட்ச்சில் அதைத் தான் எவ்வளவு பிரமாதமாகச் செய்தோம் என்று நினைத்ததும் அவனுக்கே தெம்பு வந்தது. அன்றே பெட்டியைக் கட்டினான். தாமரைக்கு வாங்கிய, மிதித்தால் விளக்கெரியும் செருப்பை மேலாக வைத்தான், சுங்கத்தில் திறந்தால் நசுங்காமலிருக்க.

அரையிறுதி மூன்றரை மணிக்கு. கேம்ப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் எழுபது பேரைக் கைதட்டக் கொண்டு வந்திருந்தார்கள். கைதட்டினால் ஆளுக்கு ஒரு பிரியாணி. அபுதாபி அணியின் ரன்னிங் பேக்குக்கு இருபத்திரண்டாம் நம்பர் சட்டை. மணிமாறன் அந்த எண்ணைப் பார்த்தான், காதுகுத்துத் தேதி. சாமியே உத்தரவு கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான். சாமிக்கு வேறு வேலை இருந்திருக்கலாம்.

ஆட்டம் முடிய ஆறு விநாடி. ஆங்கர்ஸ் இருபத்தொன்று, அபுதாபி பதினேழு. அபுதாபிக்கு இது கடைசி முயற்சி. கோடு நாலு கஜத்தில். தாண்டினால் அவர்கள் ஃபைனலுக்கு, மணிமாறன் மணப்பாறைக்கு. கேம்ப் ஆட்கள் "உடும்பு, உடும்பு" என்று கத்தினார்கள். டக்ளஸ் சாரும் அர்த்தம் தெரியாமல் "உடும்பு!" என்றார்.

இருபத்திரண்டின் இடது குதிகால் எழும்பியது.

மைதானத்தில் அதைப் பார்த்தது ஒரே ஆள்தான். பாஸ் எங்கே வரும், எத்தனை எட்டில் வரும், எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மணிமாறன் நகரவில்லை. பந்து வந்தது. இருபத்திரண்டு பிடித்தான், திரும்பினான், எதிரில் மணிமாறன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவன்போல் நின்றான். எல்லாம் திட்டப்படி. மணிமாறன் அரை அடி ஒதுங்கி வழிகூட விட்டான். ஜோதிமணி சொன்னபடி, ஓடினால் ஓடட்டும்.

அவன் சும்மா ஓடியிருக்கலாம். எத்தனையோ முறை அடிபட்ட ஆள், எதற்கும் இருக்கட்டும் என்று, கடந்து போகும்போது இடது கையை நீட்டி மணிமாறனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். ரன்னிங் பேக்குகள் எல்லோரும் செய்வதுதான், அவர்களுக்கு அது ஆட்டத்தில் ஒரு சாதாரண அசைவு.

ஆனால் தொட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததில் மணிமாறன் என்ற தகப்பனுக்குப் பங்கே இல்லை. தொட்டவன் கோட்டை நோக்கி ஓடுகிறான். பன்னிரண்டு வருஷம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் அந்த உடம்புக்குத் தெரியும். ஆள் குப்புறப் பாய்ந்ததும், வலது கை நீண்டதும், கணுக்கால் உள்ளங்கையில் சிக்கியதும் அவனைக் கேட்டு நடக்கவில்லை. இருபத்திரண்டாம் நம்பர் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தொப்பென்று விழுந்தான். பந்தை நீட்டிப் பார்த்தான், எட்டவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

விசில் ஊதிய பிறகும் மணிமாறன் காலை விடவில்லை. புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். வங்கி ஆபீசரும் பல் டாக்டரும் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். கூண்டுக்குள் அவன் அழுதுகொண்டிருந்தான், சத்தமாகவே. டக்ளஸ் சார் ஓடிவந்து கட்டிக்கொண்டு தானும் அழுதார். அப்படியே ஒரு செல்ஃபியும் எடுத்தார்.

"வாட் இஸ் ஹீ சேயிங்?"

மணிமாறன் சொல்லிக்கொண்டிருந்தது, "தொட்டுட்டான் சார், தொட்டுட்டான் சார்," என்று. ஸ்ரீனிவாசன் விசிலைத் தடவிக்கொண்டார். பிறகு, "ஹீ இஸ் வெரி ஹாப்பி, சார்," என்று மொழிபெயர்த்தார். அவருக்கும் ஷார்ஜாவில் வீட்டு வாடகை இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி காதுகுத்து நன்றாக நடந்தது. மணிமாறன் கன்டெய்னருக்குப் பின்னால் நின்று போனில் பார்த்தான். தாமரை மாமன் மடியில் இருந்தாள். உதைக்கிற காலைப் பிடித்துக்கொள்ள, சமையலுக்கு வந்த ஆள் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் கரண்டியை வைத்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பிடித்தார். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. குழந்தை ரொம்ப உதைத்தது. முழங்காலுக்குக் கீழே பிடிக்கணும், கணுக்காலுக்கு மேலே, என்று மணிமாறன் போனுக்குள் கத்தினான். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இருபத்துநாலாம் தேதி ஃபைனல். எதிரணியில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆங்கர்ஸ் ஆடிய எல்லா மேட்ச்சையும் வீடியோவில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஆட்டம் முழுக்க ரன்னிங் பேக்குக்கு ஒரு பாஸ்கூட எறியவில்லை. எல்லாம் தலைக்கு மேலே, நீளம் நீளமாக, வாத்தியார்களும் பல் டாக்டரும் நின்ற பக்கம். முப்பத்தொன்றுக்கு மூன்று என்று ஆங்கர்ஸ் தோற்றது. மணிமாறன் தன் இடத்தில் முழங்காலை மடக்கி, குதிகால்களைப் பார்த்தபடி, இரண்டரை மணி நேரம் நின்றான். யாரும் வரவில்லை. ஊருக்குப் போகாமல் அவன் காவல் காத்த அந்த இடம் ஒன்றுதான் பத்திரமாக இருந்தது.

இருபத்தாறாம் தேதி விமானம். மறுநாள் காலை வீட்டு வாசலில் இறங்கினான். கூடத்தில் போன் சார்ஜில் கிடந்தது. தாமரை அவனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு ஜோதிமணியின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள். காதில் புதுத் தோடு.

"இதான்டி அப்பா. வந்திருக்காங்க பாரு," என்றாள் ஜோதிமணி.

குழந்தை போனைக் காட்டி, "அப்பா மம்மு," என்றாள், வந்தவருக்கு விவரம் சொல்லும் மரியாதையோடு.

மணிமாறன் தரையில் உட்கார்ந்தான். விளக்கெரியும் செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ரொம்ப நேரம் கழித்து தாமரை சேலையைவிட்டு வெளியே வந்தாள். ஒரு எட்டு வைப்பதும், நிற்பதும், இன்னொரு எட்டு வைப்பதுமாக வந்தாள். அவன் அவள் கால்களைப் பார்த்தான், பழக்கம். இடது குதிகால் எழும்பியது. சட்டென்று பாய்ந்து, அவன் முழங்காலைத் தொட்டுவிட்டு, கலகலவென்று சிரித்துக்கொண்டு அம்மாவை நோக்கி ஓடினாள்.

"ஊர்ல இருக்கிறவன் காலெல்லாம் பிடிச்சீங்களே," என்றாள் ஜோதிமணி. "இதைப் பிடிங்க பாப்போம்."

கை எட்டும் தூரம்தான். பிடித்தால் பயந்து அழுவாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வலது கை தானாக எழும்பியது. அதை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

தாமரை அம்மாவைத் தொட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக உடும்பு அவுட். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான், அவள் மறுபடி வருவதற்காக.